முயலுக்குக் கொம்பு முளைத்த கதை

கிடைக்கவே கிடைக்காத ஒண்ணை "முயற்கொம்பு"ன்னு சொல்லுவோம் இல்லையா? அந்தக் கொம்பு நிஜமாவே இருக்கு மக்களே.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில், முகத்தில் கருப்பாகக் கொம்பு முளைத்த முயல்களின் படங்கள் வைரலாச்சு. பார்த்தவங்க பயந்துட்டாங்க. பயம் வேண்டாம். மனிதருக்கோ, நாய் பூனைக்கோ இது தொற்றாது. பாவம், முயலுக்குத்தான் கஷ்டம். வாயைச் சுற்றி வளர்ந்தால் இரை தின்ன முடியாமல் பட்டினியில் செத்துப்போகும்.

இது கொம்பும் இல்லை, எலும்பும் இல்லை. மரு. நம்ம கையில், காலில் வருதே, அதோட பங்காளி. கெரட்டின் சேர்ந்து சேர்ந்து இறுகி நீளும்.

1930களின் தொடக்கம். ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் ரிச்சர்ட் ஷோப் என்றொரு மருத்துவர். அயோவாக்காரர். பன்றி இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். கொம்பு முளைத்த காட்டு முயல்கள் பற்றிக் கேள்விப்பட்டு, அந்த மருக்களை வரவழைத்தார். அரைத்தார். பாக்டீரியா புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை நல்ல முயலின் தோலைக் கீறித் தடவினார். அங்கேயும் கொம்பு! ஆக, காரணம் வைரஸ். 1933இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய மனசு. ஆராய்ச்சியைத் தனக்குன்னு வெச்சுக்காம, நண்பர் பெய்டன் ரௌஸிடம் ஒப்படைத்தார்.

யார் இந்த ரௌஸ்? 1911லேயே கோழிக்கு வைரஸால் புற்றுநோய் வருதுன்னு காட்டியவர். "அது பறவைக்குப்பா"ன்னு ஒதுக்கிட்டாங்க. இப்போ கையில் முயல், ஒரு பாலூட்டி! ரௌஸும் ஜோசப் பியர்டும் கவனித்தார்கள். சாதாரண மருவாகத் தொடங்கியது, மாதங்கள் கழித்துப் புற்றாக மாறியது. அதுவும் வீட்டு முயல்களில் அதிகமாக.

ரௌஸுக்கு நோபல் கிடைத்தது 1966இல். வயது 87. கோழி ஆய்வு வெளிவந்து 55 வருஷம்! ஷோப் அதே அக்டோபரில்தான் காலமானார்.

"சரி டாக்டர், முயல் கதை எனக்கெதுக்கு?"

அந்த வைரஸின் மனித உறவுக்காரர்தான் எச்பிவி. 1983, 84இல் ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹௌசன் குழு, கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களில் எச்பிவி 16, 18 வகைகளைக் கண்டுபிடித்தது. 2008இல் அவருக்கும் நோபல். இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தது இதுதான்.

2006இல் தடுப்பூசி வந்தாச்சு. இந்தியத் தயாரிப்பும் இருக்கு. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். வீட்டில் அந்த வயசுப் பொண்ணு இருந்தா உங்க மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்க. அம்மாக்கள் கவனத்துக்கு: 30 வயதைத் தாண்டியிருந்தால், தடுப்பூசி போட்டிருந்தாலும் கருப்பைவாய்ப் பரிசோதனை உண்டு. எல்லா வகை எச்பிவியையும் ஊசி தடுக்காது.