இல்லங் காக்கும் துப்பாக்கி: ஒரு வரலாற்று நோக்கு

கதவைத் தாழிட்டு உறங்கும் குடும்பத்தலைவன் ஒருவன், நள்ளிரவில் அக்கதவு உடைபடும் ஓசை கேட்பானாயின் எதனைக் கையில் எடுத்தல் வேண்டும்? தடியையா, வாளையா, துப்பாக்கியையா? துப்பாக்கியெனின் எவ்வகைத் துப்பாக்கியை? இவ்வினா, வீட்டுக்காரன் தன் மனத்துள் தானே ஆராய்ந்து முடிவு காணும் தனி விடயமென மேலெழுந்தவாரியாக நோக்குவோர் கருதுவர். வரலாறு கூறுவது வேறு. இம்முடிவில் அரசனும் பாராளுமன்றமும் நீதிமன்றும் கருவி செய்யும் கம்மியனும் இடைவிடாது பங்குகொண்டு வந்துள்ளனர். அவர்கள் யாவரினும் மேலாகப் பங்குகொண்டோர் அயலவர். அயலாரையும் அரசையும் ஒருவன் எவ்வளவுக்கு நம்புகின்றானோ, அந்நம்பிக்கையே அவன் தலைமாட்டில் வைக்கும் ஆயுதத்தைத் தீர்மானிக்கின்றது. இவ்வுண்மையை இங்கிலாந்தின் வரலாற்றிலும், அதன் சட்டமரபினின்று கிளைத்த அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றிலும் தெளிவாகக் காணலாம்.

கடமையாய் இருந்த ஆயுதம்

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆயுதம் வைத்திருத்தல் உரிமையன்று, கடமையாகும். 1181ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் பிறப்பித்த ஆயுதக் கட்டளை, குடிகள் தத்தம் செல்வநிலைக்கேற்ப வைத்திருக்க வேண்டிய படைக்கலங்களை வகுத்துரைத்தது. 16 மார்க் பெறுமதியான உடைமையுள்ள சுதந்திரக் குடிமகன் இரும்பு வளையக் கவசம், தலைச்சீரா, கேடயம், ஈட்டி என்பவற்றை வைத்திருத்தல் வேண்டும். 10 மார்க் உடையவனுக்கு அதனிற் சிறிய கவசமும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும் விதிக்கப்பட்டன. நகரமாந்தருக்கும் ஏனைய சுதந்திரக் குடிகளுக்கும் தடித்த மெத்தையங்கியும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும் போதுமானவையாயின. அவற்றை விற்றலும் அடகுவைத்தலும் ஆகா. விதித்த அளவுக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது. யூதர் கவசம் வைத்திருத்தல் ஆகாதென அக்கட்டளையே தடுத்தமையும் ஈண்டு நோக்கற்பாலது. யாரிடம் ஆயுதம் இருக்கலாம் என்னும் வினா, யாரைச் சமுதாயம் தன்னவராகக் கொள்கின்றது என்னும் வினாவோடு தொடக்கத்திலேயே பிணைந்திருந்தது.

1285ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன் இயற்றிய வின்செஸ்டர் சட்டம் இக்கடமையை விரித்தது. 15 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் யாவரும் தம் நிலைக்கேற்ற ஆயுதத்தை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். மதில் சூழ்ந்த நகரங்களின் வாயில்கள் சூரியன் மறையும்போது அடைக்கப்பட்டு, உதிக்கும்போதே திறக்கப்படல் வேண்டும். கள்வர் மறைந்திருக்க இடங்கொடாவண்ணம் பெருந்தெருக்களின் இருமருங்கும் 200 அடி தூரத்துக்குப் புதர்கள் அழிக்கப்படல் வேண்டும். கள்வனைக் கண்டோர் கூக்குரலிட, அதனைக் கேட்டோர் யாவரும் ஆயுதத்தோடு எழுந்து பின்தொடரக் கடமைப்பட்டோராவர். எனவே, அக்கால வீட்டின் மூலையிற் சார்த்தப்பட்டிருந்த ஈட்டி அவ்வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அயலவன் எழுப்பும் குரலுக்கு விடையாக அது வெளியே வரவேண்டும். இவன் குரலெழுப்பினால் அயலவன் ஈட்டியும் அவ்வாறே வரும்.

மூன்றடி நீளத்தின் கதை

துப்பாக்கி தோன்றியபின் இந்நிலை மாறிற்று. தொடக்ககாலத் திரித்துப்பாக்கி இல்லத்துக்கு ஏற்றதன்று. எரியும் திரியை அருகில் வைத்துக்கொண்டு எவனும் உறங்க இயலாது. திரியை மூட்டி முடிப்பதற்குள் கள்வன் தன் தொழிலை முடித்துவிடுவான். 16ஆம் நூற்றாண்டில் பரவிய சக்கரப்பொறித் துப்பாக்கியோ, மருந்து கெட்டித்து ஆயத்தமாக வைக்கத்தக்கதாயிற்று. ஆனால், எது வீட்டுக்காரனுக்கு வசதியோ அது கள்வனுக்கும் வசதியாகும். சட்டைக்குள் மறைக்கத்தக்க சிறு துப்பாக்கி வழிப்பறிக்காரனின் கருவியாயிற்று.

இச்சிக்கலுக்கு விடைகாண முயன்றது எட்டாம் ஹென்றி காலத்து 1541ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டொன்றுக்கு 100 பவுண் நிலவருவாய் இல்லாதார் கைத்துப்பாக்கி வைத்திருத்தலை அது பொதுவில் தடுத்தது. ஆயினும், நகரிலிருந்து இரண்டு பர்லாங்குக்கு அப்பால் தனித்து நிற்கும் வீடுகளில் வாழ்வோர், அவ்வீட்டின் பாதுகாப்புக்கென மட்டும் அதனை வைத்திருக்க விலக்களித்தது. அத்துப்பாக்கியின் நீளம் ஒரு யாருக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. இவ்விதியின் நுட்பம் பெரிது. நகரினுள் வாழ்பவனின் குரல் அயலவருக்குக் கேட்கும்; இரண்டு பர்லாங்குக்கு அப்பால் வாழ்பவனின் குரல் கேளாது. கேளாத குரலுக்குப் பதிலாகவே துப்பாக்கி அனுமதிக்கப்பட்டது. மூன்றடி நீளமுள்ள துப்பாக்கி கதவருகே நின்று காக்க உதவும். சட்டைக்குள் மறைந்து தெருவிற் செல்ல உதவாது. இல்லங் காக்கும் துப்பாக்கி எத்தகையதாய் இருத்தல் வேண்டுமென அளவு கூறிய தொன்மையான சட்டங்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை போன்றதென்னும் கோட்பாட்டை 1604ஆம் ஆண்டின் செமெயின் வழக்கு நிலைநாட்டிற்று. தன் வீட்டிற் புகுந்து கொள்ளையிடவோ கொல்லவோ முனையும் கள்வரைக் கொன்றவன் குற்றவாளியல்லன் என்பது அத்தீர்ப்பிற் காணப்படும் கருத்து. எனினும், அரசனுடைய கட்டளை தாங்கிய அதிகாரி முறைப்படி வேண்டியபின் கதவு திறக்கப்படாவிடின், அரசன் வழக்காளியாகும் விடயங்களில் அதனை உடைக்கலாம் என்பதும் அத்தீர்ப்பே. கோட்டையின் உரிமை தொடக்கத்திலேயே எல்லையுடையதாய் இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்பும் துப்பாக்கி பரவியது. அதன் வழிவந்த வாயகன்ற பிளண்டர்பஸ் துப்பாக்கி, 18ஆம் நூற்றாண்டில் வீடுகளிலும், 1784ஆம் ஆண்டின் பின் தபால் வண்டிக் காவலர் கையிலும் விளங்கிற்று. அகன்ற வாய் சன்னங்களைப் பெரிதும் சிதறச் செய்யுமென அக்காலத்தோர் நம்பினர். உண்மையில் அதனால் விளைந்த பெரும்பயன் மருந்தையும் சன்னத்தையும் விரைந்து இடுவதேயாகும். குறிபார்க்கும் பயிற்சியில்லாதவனுக்கும் துணிவளித்த தோற்றமே அதன் புகழுக்குக் காரணம் போலும்.

உரிமையும் நம்பிக்கையும்

1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் போதிய நிலவருவாய் இல்லாதார் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்து, அவர்தம் வீடுகளைச் சோதிக்கவும் இடமளித்தது. பின்னர், இரண்டாம் யேம்ஸ் மன்னன் தம்மை நிராயுதராக்கினான் என்னும் முறைப்பாட்டோடு எழுந்தது 1689ஆம் ஆண்டின் உரிமை மசோதா. புரட்டஸ்தாந்த சமயத்துக் குடிகள் தம் நிலைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்குமாறும் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என அது கூறிற்று. ஒரே வாக்கியத்துள் மூன்று வேலிகள்: சமயம், நிலை, சட்டம். கடமை உரிமையாக மாறியது; ஆனால், நம்பத்தக்கோர் என ஆள்வோர் கருதியவருக்கே அது உரிமையாயிற்று.

இதே மனப்பான்மை பேரரசின் பிற பகுதிகளிலும் காணப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியர் அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இலங்கையிலும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று.

இங்கிலாந்து சென்ற வழி

1829ஆம் ஆண்டில் சேர் ரொபட் பீல் இலண்டன் மாநகர்ப் பொலிஸ் படையை நிறுவினார். அப்படையினர் சாதாரணமாக ஏந்தியது தடியொன்றே. கூக்குரலுக்கு ஓடிவரும் அயலவரின் இடத்தை ஊதியம் பெறும் காவலர் பெற்றனர். இம்மாற்றத்தின் பயன் உடனே தோன்றவில்லை. சட்டங்கள் சிறிது சிறிதாகவே மாறின. 1870ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி காவித் திரிவோர் 10 சிலிங் கட்டி அனுமதி பெறவேண்டுமென்றது. தன் வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் வைத்திருப்போருக்கு அது வேண்டியதில்லை. 1903ஆம் ஆண்டுச் சட்டம் 9 அங்குலத்துக்குக் குறைந்த குழாயுடைய கைத்துப்பாக்கியின் விற்பனையைக் கட்டுப்படுத்திற்று. அப்போதும், தன் வீட்டினுள் மட்டும் பயன்படுத்தக் கருதும் வீட்டுக்காரன் அதனை வாங்க வழியிருந்தது. எட்டாம் ஹென்றி நீளத்தால் வகுத்த வேறுபாட்டை, இச்சட்டங்கள் வீட்டு வாயிற்படியால் வகுத்தன எனலாம்.

முதலாம் உலகப் போர் முடிந்தபின் போர்க்களத் துப்பாக்கிகள் நாட்டிற் பரவுமென்றும், ருசியப் புரட்சி போன்றதொன்று எழுமென்றும் ஆள்வோர் அஞ்சினர். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொலிஸ் தலைமை அதிகாரியிடம் தக்க காரணங் காட்டியே துப்பாக்கி பெறலாயிற்று. வீட்டுப் பாதுகாப்பு முதலில் தக்க காரணமாகவே கொள்ளப்பட்டது. நாளடைவில் அதன் மதிப்புக் குன்றிற்று. 1946ஆம் ஆண்டில் உள்நாட்டு மந்திரி சூற்றர் ஈட், உடலையும் உடைமையையும் காக்க றிவோல்வர் வேண்டுமென்பதைத் தக்க காரணமாகத் தாம் கொள்ளப்போவதில்லையெனப் பாராளுமன்றிற் கூறினார். 1996ஆம் ஆண்டில் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், 1997ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் பெரிய பிரித்தானியாவிற் கைத்துப்பாக்கியைத் தனியார் வைத்திருத்தலை ஏறக்குறைய முற்றாக ஒழித்தன.

அமெரிக்கா சென்ற வழி

அமெரிக்காவில் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1791ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் மக்களுரிமையை, ஊர்ப்படையின் தேவையோடு சேர்த்துக் கூறிற்று. 1836ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்ற் தம் சுழல்துப்பாக்கிக்கு அந்நாட்டில் உரிமம் பெற்றார். ஒருமுறை சுட்டபின் மருந்திட நேரமின்றித் தவித்த நிலை அதனால் நீங்கிற்று. 1887ஆம் ஆண்டில் சிமித், வெசன் நிறுவனத்தார், பிடியை இறுக அழுத்தினாலன்றிச் சுடாத றிவோல்வரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வீட்டினுள் வைத்த துப்பாக்கி வீட்டாருக்கே ஆபத்தாகலாம் என்பதைக் கம்மியரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

ஆயினும், அமெரிக்க வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது கறுப்பின மக்களின் வீட்டு வாயிலிலேயே. அடிமைத்தளை அறுந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்றோர் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாதென மிசிசிப்பி மாநிலம் சட்டமியற்றிற்று. 1892ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் தம் நண்பர் மூவர் கும்பலாற் கொல்லப்பட்டபின், ஐடா வெல்ஸ் என்னும் பெண் பத்திரிகையாளர், ஒவ்வொரு கறுப்பின இல்லத்திலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மதிப்பான இடம் வேண்டுமென எழுதினார். சட்டம் காக்க மறுத்தவரை எது காக்குமென்பதே அவர் எழுப்பிய வினா.

1925ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் டெற்றோயிற் நகரில் அவ்வினா நீதிமன்று ஏறிற்று. ஒசியன் சுவீற் என்னும் கறுப்பின வைத்தியர் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். தம்பியரையும் நண்பரையும் துப்பாக்கிகளையும் உடன் கொண்டார். இரண்டாம் நாளிரவு பெருங்கூட்டம் சூழ்ந்து கல்லெறிந்தது. அங்கு நின்ற பொலிசார் கூட்டத்தைக் கலைக்கவில்லை. வீட்டினுள்ளிருந்து எழுந்த வேட்டுக்களால் ஒருவர் இறந்தார், ஒருவர் காயமுற்றார். வீட்டிலிருந்த பதினொருவர் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டனர். கிளாறன்ஸ் டறோ என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். முதல் விசாரணையில் யூரர் உடன்படவில்லை. 1926ஆம் ஆண்டில், வைத்தியரின் தம்பி ஹென்றி குற்றவாளியல்லர் என வெள்ளையரே கொண்ட யூரர் சபை தீர்ப்பளித்தது. ஏனையோர் மீதான வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. வீடே கோட்டையென்னும் பழங்கோட்பாடு கறுப்பினத்தவருக்கும் உரியதென நிலைநாட்டிய நிகழ்ச்சி இது.

நாட்டின் பொதுச் சட்டமும் ஆயுதத் தெரிவில் தலையிட்டது. 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டம், இயந்திரத் துப்பாக்கிக்கும் குழாய் குறுக்கிய வேட்டைத் துப்பாக்கிக்கும் 200 டொலர் வரி விதித்தது. முதல் வரைவில் இருந்த கைத்துப்பாக்கியோ எதிர்ப்பின் காரணமாக நீக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ஹெல்லர் வழக்கில், வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை உயர் நீதிமன்று ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் நீக்கிற்று. வீட்டுக்காரன் கைத்துப்பாக்கியை விரும்புதற்குரிய காரணங்களை நீதியரசர் ஸ்கலியா அடுக்கிக் கூறினார்: அவசரத்தில் எடுக்கத்தக்க இடத்தில் வைக்கலாம்; பகைவன் எளிதிற் பறிக்கவோ திருப்பவோ இயலாது; நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும் வலுவில்லாதவரும் கையாளலாம்; ஒரு கையில் அதனைப் பிடித்து மறு கையாற் பொலிசாரைத் தொலைபேசியில் அழைக்கலாம். மாற்றுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் பிறேயர், நகரமாந்தரின் உயிரிழப்பைக் குறைக்க எண்ணிய சட்டமன்றின் கருத்துக்கு மதிப்பளித்தல் வேண்டுமென்றார். 1541இல் பாராளுமன்றம் எச்சிறுமையை அஞ்சி மூன்றடி விதித்ததோ, அச்சிறுமையே 2008இல் சிறப்பாகப் போற்றப்பட்டமை வரலாற்றின் விந்தையாகும்.

உள்ளிருந்து வரும் ஆபத்து

1999ஆம் ஆண்டில் நிகழ்ந்த கருத்துக்கணிப்பொன்றில், அமெரிக்கத் துப்பாக்கி உடையோருள் 49 வீதத்தினர் வேட்டையையும் 26 வீதத்தினர் பாதுகாப்பையும் முதன்மைக் காரணமாகக் கூறினர். 2013ஆம் ஆண்டில் வேட்டை 32 வீதமாகத் தாழ, பாதுகாப்பு 48 வீதமாக உயர்ந்தது. வேட்டைத் துப்பாக்கி பெட்டியுட் பூட்டப்பட்டுக் கிடக்கலாம். காப்புத் துப்பாக்கி குண்டோடு கையெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். அங்கேதான் இடர் தொடங்குகின்றது. கள்வனுக்காக ஆயத்தமாக இருப்பது குழந்தையின் கைக்கும், சினங்கொண்ட கணவனுக்கும், மனமுடைந்தவனுக்கும் ஆயத்தமாகவே இருக்கின்றது.

கலிபோர்ணியாவில் நிகழ்ந்த பேராய்வொன்றின் முடிவுகள் 2020இலும் 2022இலும் வெளிவந்தன. கைத்துப்பாக்கி உடைய ஆடவர் துப்பாக்கியால் தற்கொலை செய்யும் வீதம், அஃதில்லாத ஆடவரினும் ஏறக்குறைய எட்டு மடங்கு எனக் காணப்பட்டது. அதனை உடையோருடன் ஒரே வீட்டில் வாழ்வோர், துணைவராற் சுட்டுக்கொல்லப்படும் வீதம் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. அவ்வாறு இறந்தோருட் பெரும்பாலார் பெண்கள். கும்பலை எதிர்த்துத் தம் இல்லத்தைக் காத்த வைத்தியர் சுவீற், 1960ஆம் ஆண்டில் துப்பாக்கியாலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒருவர் முடிவைக் கொண்டு விதி வகுத்தல் வரலாற்று முறையன்று. எனினும், வெளிப்பகையை வென்ற கோட்டைக்கு உட்பகையும் உண்டென்பதை அது நினைவூட்டாமலில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஆயுதத்தை விலக்குமாறு குடிகளுக்குக் கூறும் அரசு, அவர்தம் குரலுக்கு ஓடிவரும் கடமையையும் வேற்றுமையின்றி ஏற்றல் வேண்டும். டெற்றோயிற்றில் நின்ற பொலிசார் அக்கடமையைச் செய்திருப்பின், அவ்வீட்டில் துப்பாக்கி முழங்க வேண்டியதில்லை. இரண்டாவது, எத்துப்பாக்கி சிறந்ததென ஆராய்பவன், வாயிற்கதவை மட்டும் நோக்காது, அக்கதவுக்கு உட்புறம் உறங்குவோரையும் நோக்குதல் வேண்டும். அரணின் மாட்சியாவும் அதனுள் இருப்போரின் செயல்மாட்சி இல்வழிப் பயனிலவென வள்ளுவர் கண்டார். இரண்டு பர்லாங்குக்கு அப்பால் குரல் கேளாதென்று துப்பாக்கிக்கு இடங்கொடுத்தது பழஞ்சட்டம். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்குமாறு வாழும் ஊரே, அத்துப்பாக்கியின் தேவையைக் குறைக்கவல்லது.