கொள்ளைநோய்ப் புதினமும் திரைத்தழுவல்களும்: ‘ஐ ஆம் லெஜெண்ட்’ முடிவு மாற்றங்களின் வரலாறு

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மேத்தசன் 1954இல் வெளியிட்ட ‘ஐ ஆம் லெஜெண்ட்’ புதினத்தைத் தழுவி 1964, 1971, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வெளிவந்தன. நோய்க்கான காரணத்தை அவை காலத்திற்கேற்ப மாற்றிக்கொண்டன என்பது வெளிப்படை. அவை புதினத்தின் முடிவையும் மாற்றின. அம்மாற்றம் படைப்பின் அறக்கேள்வியை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதினத்தின் முடிவு

புதினத்தின் களம் லாஸ் ஏஞ்சல்ஸ். போரைத் தொடர்ந்து எழும் புழுதிப்புயல்களால் பாக்டீரியா பரவுகிறது. நோயுற்றோர் இரத்தம் குடிப்போராகின்றனர். நோய் தாக்காத ராபர்ட் நெவில் ஆலையொன்றில் வேலைபார்த்தவன்; நூலகப் புத்தகங்களின் துணையால் கிருமியைப் பற்றிக் கற்கிறான். பகலில் உறங்குவோரைத் தேடிக் கொல்கிறான். அவர்களுள் ஒரு பிரிவினர் மருந்தால் கிருமியைக் கட்டுப்படுத்திப் புதிய சமுதாயம் அமைத்துவருவதை அவன் அறியவில்லை. அவர்களிடம் சிறைப்பட்ட பின்னரே, அவர்கள் பார்வையில் தானே கொடியவன் என்பதை உணர்கிறான். எனவே தலைப்பிலுள்ள ‘லெஜெண்ட்’ வீரனைக் குறிப்பதன்று. பிற்காலத்தோர் அஞ்சிப் பேசும் கதையைக் குறிப்பதாகும்.

மூன்று தழுவல்கள்

ரோமில் படமாக்கப்பட்ட ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ (1964) மூலத்திற்கு நெருக்கமானது. எனினும் திரைக்கதையில் மனநிறைவு கொள்ளாத மேத்தசன், லோகன் சுவான்சன் என்னும் புனைபெயரையே அதற்கு இட்டார். இப்படத்தில் நாயகன் அறிவியலாளன். அவனது இரத்தம் ஒரு பெண்ணைக் குணப்படுத்துகிறது. கொல்லப்படும் வேளையிலும் அவன் தன் குற்றத்தை உணர்வதில்லை.

‘தி ஒமேகா மேன்’ (1971) பனிப்போர்க் கால அச்சத்தைப் பேசுகிறது. இதில் நோய்க்குக் காரணம் சீன–சோவியத் போரின் உயிரியல் ஆயுதங்கள். நாயகன் தன் இரத்தத்தாலான மருந்தைப் பிறரிடம் சேர்த்துவிட்டு, சிலுவையில் அறையப்பட்டவனைப் போன்ற கோலத்தில் இறக்கிறான்.

2007ஆம் ஆண்டுப் படத்தின் களம் நியூயார்க். புற்றுநோய்க்கு மருந்தாக மாற்றியமைக்கப்பட்ட தட்டம்மை வைரஸே இதில் கொள்ளைநோயாகிறது. நோயுற்றோரைப் பிடித்துச் சோதனை செய்யும் நெவில், மருந்தைக் காப்பாற்றத் தன்னுயிரை ஈகிறான். ‘லெஜெண்ட்’ இங்கே வீரப்புகழாகிறது.

மருந்தும் நியாயமும்

புதினத்தில் நெவில் மருந்து காண்பதில்லை. ஆதலால் அவனது கொலைகள் கொலைகளாகவே தீர்ப்புக்கு உள்ளாகின்றன. திரைப்படங்களிலோ மருந்தின் வெற்றி, அதற்கு முன் நிகழ்ந்த வன்முறைக்கு நியாயம் வழங்கிவிடுகிறது. 2007 படத்திற்கெனப் படமாக்கப்பட்டுப் பின்னர்க் குறுவட்டில் வெளியான மாற்று முடிவு இதற்கு விலக்காகும். நோயுற்றோரின் தலைவன் தன் துணையை மீட்கவே வந்துள்ளான் என்பதை அறிந்து, நெவில் அவளைத் திருப்பி அளிக்கிறான். சோதனையில் இறந்தோரின் படங்களையும் நோக்குகிறான். இம்முடிவு திரையரங்குகளில் இடம்பெறவில்லை.

முடிவுரை

நோயாளியை மனிதராகக் காணும் உரிமை யார் கையில் உள்ளது என்பதே மேத்தசன் எழுப்பிய கேள்வி. நாயகன் அறிவியலாளனாகவும் தியாகியாகவும் உயர்த்தப்பட்டதில் அக்கேள்வி மங்கியது. எனவே இத்தழுவல்களை மதிப்பிடுகையில், கதை நிகழ்வுகளின் ஒற்றுமையைவிட, நோயுற்றோரின் பார்வைக்கு இடமளிக்கப்பட்டுள்ளதா என்பதே முதன்மை அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.