சித்தூர்க் கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கி, கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு வண்டியேறும் தென்னங்கள். ஆந்திரத்துச் சித்தூர் வேறு. இது பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழ்நாட்டு எல்லையோடு ஒட்டிக்கிடக்கும் சித்தூர். ஆலப்புழைப் பக்கம் காயலோரக் கடையில் கரிமீனோடு உட்காருகிறவர், தன் முன்னால் இருக்கும் கள் அந்த ஊர்த் தென்னையில் இறங்கியது என்று நினைத்துக்கொள்வார். பல நாள் அது முந்தின நாள் கொழிஞ்சாம்பாறையிலோ வடகரப்பதியிலோ எருத்தேம்பதியிலோ இறங்கி, இரவோடிரவாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருக்கும்.

அந்த அவசரத்தைப் பிடித்துக்கொண்டால் சித்தூர்க் கள்ளின் வரலாறு முழுவதும் பிடிபடும். கள் நிற்காத பண்டம். ஒரு நாளுக்குள் குடித்தாக வேண்டும். அதற்கான சட்டம், வண்டி, பெர்மிட், கலப்படம், வழக்கு எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து கிளைத்தவை.

நிலமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வாய் திறந்திருக்கிறது. அந்த வழியே கோவைப் பக்கத்து வறண்ட காற்று உள்ளே வரும். சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் மழை குறைவு, மண் பல இடங்களில் கருமண், பேச்சு தமிழ். கேரளம் என்று நாம் மனதில் வைத்திருக்கும் படத்தோடு இந்த ஊர்கள் பொருந்தாது. தென்னையை இங்கே நிறுத்தியது வானம் அல்ல, வாய்க்கால். 1970 மே 29-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். வராத ஆண்டுகளில் இரு மாநில அதிகாரிகளும் கடிதம் எழுதிக்கொள்வார்கள். தோப்புக்காரர் வானத்தைப் பார்ப்பார்.

தேங்காய் விலை ஏறி இறங்கும். மரத்தைக் கள்ளுக்குக் குத்தகை விட்டால் விலை என்னவானாலும் கைக்குப் பணம் வரும். இந்தக் கணக்கில்தான் தோப்புகள் கள்ளுத் தோப்புகள் ஆயின. கடை ஏலம் எடுத்தவர்கள் தங்கள் ஆட்களையே பிற மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்து தோப்பில் தங்கவைப்பதும் உண்டு. கள்ளிறக்குவதற்கு மலையாளத்தில் ‘செத்து’ என்று பேர்; நம்முடைய ‘செதுக்கு’ என்ற சொல்லின் உறவு. ‘செத்துத் தொழிலாளர் சங்கம்’ என்று பலகையில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழர் ஒரு கணம் திடுக்கிடத்தான் செய்வார்.

இறக்கும் முறை

விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். பிறகு ஒரு வாரம், பத்து நாள், எலும்பாலோ கட்டையாலோ அதன் உடம்பெங்கும் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் உள்ளே பூ நசுங்கி அழுகிவிடும். பட்டும் படாமலும் தட்டினால் நீர் இறங்காது. இந்த அளவை யாரும் சொல்லித்தர முடியாது, கை பழக வேண்டும் என்பார்கள். தோப்புக்குள் காலையில் நடந்தால் முதலில் காதில் விழுவது இந்த ‘டொக் டொக்’ ஓசைதான். ஆளைப் பார்ப்பது அப்புறம். தட்டிப் பதமான பாளையின் நுனியைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டத் தொடங்கும். அதன்பின் நாளுக்கு மூன்று முறை மரமேற்றம்: காலையிலும் மாலையிலும் கள்ளிறக்க, நடுப்பகலில் சீவிவிட மட்டும். சீவல் மெல்லிசாக விழ வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். நல்ல மரம் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தரும்.

பாளையிலிருந்து விழும்போது அது கள் இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை கரைந்த இனிப்பு நீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அப்படியே பதநீராக நிற்கும். தடவாத கலயத்தின் உள்சுவரில் நேற்றைய கள்ளின் ஈஸ்ட் காத்திருக்கிறது. கூடவே ஸைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், தயிரைப் புளிக்கவைக்கும் வகைப் பாக்டீரியாக்களும். முதல் சொட்டு விழுந்ததுமே வேலை தொடங்கிவிடும். பீர் வடிப்பவர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அளந்து ஈஸ்ட் போடுகிறார். கள்ளிறக்குபவர் மரத்திலிருந்து இறங்குவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு நாளில் ஆல்கஹால் ஐந்து முதல் எட்டு விழுக்காடு வரை ஏறும். அதற்கு மேல் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் ஆட்சி, கள் காடியாகிவிடும்.

கசப்பும் பீப்பாயும்

உலகில் மதுவைத் தூரம் அனுப்ப நினைத்தவர்கள் எல்லோரும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் வடிப்பாலையிலிருந்து இந்தியாவுக்குப் பீர் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கைந்து மாதக் கடற்பயணம். முளைகட்டிய பார்லியில் ஹாப் என்ற கொடியின் பூவை அள்ளிப்போட்டு, கசப்பேற்றிப் பீப்பாயில் அடைத்து அனுப்பினார்கள். ஹாப்பின் கசப்பு புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கும். கப்பல் குலுங்கக் குலுங்கப் பீப்பாய்க்குள் பீர் முதிரும். 1820-களில் பர்ட்டன் ஊர் வடிப்பாலைகள் போட்டிக்கு வந்தன. பிற்பாடு இந்தியா பேல் ஏல் என்று பெயர் பெற்று, இன்று உலகெங்கும் சிறு வடிப்பாலைகள் கொண்டாடும் சரக்கு இந்த வழியில் வளர்ந்ததுதான். சென்னையில் இறங்கிய வெள்ளை அதிகாரி ஆறு மாதம் வயதான பீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பல்லக்குத் தூக்கி குடித்த கள்ளுக்கு ஆறு மணி நேரம்தான் வயது.

கள்ளுக்கும் ‘ஹாப்’ தேடியவர்கள் உண்டு. இலங்கையில் ஹல் மரத்தின் பட்டையைக் கலயத்தில் போட்டுப் புளிப்பைத் தள்ளிப்போட்டார்கள். பிலிப்பைன்ஸில் கண்டல் மரப்பட்டை. ஆனால் பட்டை தள்ளிப்போடுவது மணிக்கணக்கு, மாதக்கணக்கு அல்ல. கள்ளைப் பீப்பாயில் முதிரவைக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் காய்ச்சிச் சாராயமாக்க வேண்டும். இலங்கையின் தென்னஞ்சாராயம் ஹல்மில்ல மரத் தொட்டிகளில் அப்படித்தான் முதிர்கிறது.

முதிரவைப்பது தமிழருக்குத் தெரியாத வித்தையும் இல்லை. குறவர்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளையவைத்த தேன் மதுவைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது. மண்ணில் புதைத்து முதிர்வித்த தேறல் புறநானூற்றில் வருகிறது. மூங்கில் குழாய்தான் அந்த மலையின் பீப்பாய். அது இன்றைய இடுக்கி, ஆனைமலைச் சரிவுகளை ஒத்த குறிஞ்சி நிலத்து வழக்கம். சமவெளித் தென்னங்கள்ளுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

ஆப்காரி

சித்தூரின் அரசியல் புவியியல் விசித்திரமானது. அது கொச்சி அரசரின் நிலம். ஆனால் கொச்சியோடு ஒட்டாமல், பிரிட்டிஷ் மலபாரும் கோவை மாவட்டமும் சூழத் தனித்துக் கிடந்தது. சுற்றிலும் 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம்; ஆப்காரி என்றால் மது வரி. சித்தூருக்குள் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், வந்த கொச்சி ஆப்காரிச் சட்டம். வரப்பைத் தாண்டினால் மரவரி மாறும். 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது மலபாரும் வறண்டது. பாலக்காடும் அதில் அடக்கம். கேரளம் அமைந்து பத்தாண்டு கழித்து, 1967-இல்தான் மதுவிலக்கு நீங்கியது. அப்போது மாநிலம் முழுமைக்கும் விரிந்த சட்டம் அந்தச் சிறிய கொச்சி அரசின் 1077-ஆம் ஆண்டுச் சட்டமே. இன்றும் கேரளத்தில் ஒரு மரத்தில் கள்ளிறக்க வேண்டுமானால் எண் போட்டு வரி கட்டுவது அதன்கீழ்தான்.

கள்ளுக்கு எதிரான குரலும் அந்த மண்ணிலேயே எழுந்தது. கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகச் சுமந்த ஈழவர் சமூகத்தைப் பார்த்து, மதுவைத் தொடாதீர்கள், செய்யாதீர்கள் என்று அறிவுறுத்தியவர் அதே சமூகத்தில் பிறந்த நாராயண குரு. பின்னர் தொழிலாளர் இயக்கம் வேறு திசையில் இழுத்தது: 1969-இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. குருவின் படமும் சிவப்புக் கொடியும் ஒரே சங்க அலுவலகத்தில் இருப்பதைக் கேரளத்தில் யாரும் முரணாக எண்ணுவதில்லை.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. சாராயத்தைக் கேரளமும் 1996 ஏப்ரல் 1-இல் மூடியது, கள்ளை விட்டுவைத்தது. இதனால் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளுக்கு அந்தப்பக்கம் கடைகளுக்குப் புதுக் கூட்டம் கிடைத்தது. கருப்புப் பலகையில் வெள்ளையாக ‘கள்ளு’ என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். எழுத்து தெரியாதவர்களும் அந்தப் பலகையைச் சரியாகப் படித்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி விவசாயி தன் மரத்தில் இறக்கினால் குற்றம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி அதே வாய்க்கால் தண்ணீர் குடித்த மரத்தில் இறக்கினால் அரசுக்கு வருமானம். தமிழகத்தில் கள்ளுக்குத் தடைநீக்கம் கேட்கும் இயக்கத்தினர் இந்த வரப்பைச் சுட்டிக்காட்டாமல் பேசுவதில்லை. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

கலப்படம்

வண்டிக் கள்ளின் நிழல் கலப்படம். கேட்கும் அளவுக்கு மரம் தராத நாளில் தண்ணீர், சர்க்கரை, ஸாக்கரின், எல்லை தாண்டிக் கேனில் வரும் ஸ்பிரிட், சில சமயம் மயக்க மாத்திரை வரை கலந்து பிடிபட்டிருக்கிறது. 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பிரிட் கலப்பைக் கண்டுபிடிக்க ஆப்காரி விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 விழுக்காடு என்று ஒரு வரம்பை நெடுநாள் வைத்திருந்தன. கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்: வெயிலில் வண்டியில் வரும்போது தானாகவே ஏறினால் நாங்கள் என்ன செய்வது? வாதத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இறங்கிய இடத்தில் அளந்த கள்ளும் போய்ச்சேர்ந்த இடத்தில் அளந்த கள்ளும் ஒன்றல்ல.

மலைப்பக்கம்

இடுக்கியில் கதை வேறு. அங்கே தென்னை குறைவு. காட்டோரத்திலும் ஏலத்தோட்ட ஓரத்திலும் நிற்கும் சூண்டப்பனையில், நம் ஊரில் கூந்தப்பனை என்பதும் ஈழத்தில் கித்துள் என்பதும் இதுவே, கள்ளிறக்குகிறார்கள். வாழ்நாளின் கடைசியில்தான் பூக்கும் மரம். பூத்தால் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகப் பாளை தள்ளி, அத்தோடு பட்டுப்போகும். தென்னங்கள்ளைவிட இது கனம், நிறமும் மங்கல். குளிர் காரணமாகப் புளிப்பும் நிதானமாக ஏறும். ஊருக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் வண்டித் தொல்லை இல்லை.

புதிய பானங்கள்

சித்தூர் வட்டத்தில் எந்தப் பானத்தைப் பற்றிய பேச்சும் தண்ணீரில்தான் போய் முடியும். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீர்ப் போராட்டத்தால் 2004-இல் நின்றது. பக்கத்து எலப்புள்ளியில் பீர் ஆலைக்கு 2018-இல் தந்த அனுமதி அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜனவரியில் வேறொரு நிறுவனத்தின் வடிப்பாலை, பீர் ஆலைத் திட்டத்துக்கு அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்ததும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது: தண்ணீர் எங்கே?

2014-இல் புளிக்காத நீராவுக்குக் கேரளம் வழிவிட்டது. காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையில் கட்டும் ஐஸ் பெட்டி ஒன்றை வடிவமைத்தது. சொட்டு விழும்போதே குளிர்ந்துவிடுவதால் ஈஸ்ட் உறங்கிப்போகிறது. ‘கல்பரசா’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். ஆனால் கடைசி வரை குளிரிலேயே கொண்டுபோக வேண்டும்; அதுதான் செலவு.

சுவை

எல்லையோரக் கடையில் காலை பத்து மணிக்குக் குடிப்பதும் மாலை ஐந்துக்குக் குடிப்பதும் ஒரே பேருள்ள இரு பானங்கள். காலையில் பால்வெள்ளை; குடுவையில் சிறு குமிழிகள் ஏறிக்கொண்டிருக்கும்; மாவு புளித்த மணம்; நாக்கில் இனிப்பு முன்னால், புளிப்பு பின்னால். மாலையில் இனிப்பு போய்விடும். புளிப்பு தொண்டையைப் பிடிக்கும், தலைக்கும் ஏறும். பழகியவர்கள் ‘மூத்தது’ கேட்பார்கள், புதியவர்கள் ‘இளசு’. சில கடைகளில் திராட்சை போட்டு ஊறவைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் தூக்கலான மீன்குழம்பும். கிழக்கே வர வர ஆட்டுக்குடலும் காடை வறுவலும். குடுவையின் அடியில் விரல் தொட்டுப் பார்ப்பவரும் உண்டு: நூல்போல் இழுபட்டால் பாக்டீரியாவின் கோழை, கழுவாத கலயம் என்று பொருள்.

விற்காத கள்ளைக் கடைக்காரர் கொட்டுவதில்லை. கொல்லைப்புறத்துப் பானையில் ஊற்றித் துணி கட்டிவைப்பார். சில வாரத்தில் அது சொர்க்கா, அதாவது காடி; ஊறுகாய்க்குப் போகும்.