அப்பாவின் கேசட்டும் நான் செய்த தவறும்

பிடித்த இசை ஆல்பம் எது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு 90 நிமிட கேசட். எந்தக் கம்பெனியும் வெளியிட்டதில்லை. ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூருக்குப் போய் அப்பா பதிவு பண்ணிக்கொண்டு வந்தது. அட்டையில் அவர் கையெழுத்தில் 'பாட்டு 3' என்று மட்டும் இருக்கும். அப்போது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், அடுத்த வருஷமே திரும்பப் பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர் என்று மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது. கேசட் மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

ஆல்பம் என்ற வடிவத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். 1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைத் தயாரிப்பவர் முடிவு செய்தார். கேட்பவர் ஊசியை வைப்பதோடு சரி.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் இதை மாற்றியது. அதில் நாமே பதிவு செய்யலாம்! சின்னக் கணக்கு ஒன்று: நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒரு பக்கம் 45 நிமிடம், அதாவது 2,700 நொடி. பெருக்கினால் சுமார் 129 மீட்டர். நான்கரை நிமிடப் பாட்டு என்று வைத்தால் பக்கத்துக்குப் பத்து.

கடைக்காரரிடம் பட்டியலையும் காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிவு செய்து தருவார். இது பதிப்புரிமைக்கு விரோதம்தான். இசையமைப்பாளருக்கு இதில் ஒரு பைசா போகாது. ஆனால் எக்கோ போன்ற நிறுவனங்களின் அசல் கேசட்டுகளைப் படத்துக்கு ஒன்றாக வாங்க எல்லா வீட்டிலும் வசதியில்லை. அதனால் நம் ஊர்களில் ஆல்பத்தைத் தொகுத்தவர்கள் கேட்பவர்கள்தான். அந்தப் பட்டியல்களை ஒரு தலைமுறை ரசனையின் ஆவணம் என்றே சொல்வேன்.

மற்ற வகை ஆல்பம் எனக்கு அறிமுகமானது கல்லூரி விடுதியில். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986-ல் வந்தது. படம் இல்லை, பாடல் வரிகள் இல்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மனின் வயலின். ஒரு இசைத்துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு என்று அதில்தான் புரிந்தது.

புரிந்தும் தவறு செய்தேன். 2012-ல் வீட்டுக் கேசட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றினேன். மௌனம் வரும் இடத்தில் தானாக வெட்ட ஒரு சின்ன நிரல் எழுதி, பாட்டுகளைத் தனித்தனிக் கோப்பாக்கி, அகரவரிசையில் பெயரும் வைத்தேன். பூஞ்சை பிடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பெரிய சாதனை என்று நினைப்பு வேறு.

அப்பா போன பிறகு ஒருநாள் அம்மா கேட்டாங்க: "டேய், இந்தப் பாட்டு முடிஞ்சதும் ஒண்ணு வருமே, அதைப் போடு." என்னால் போட முடியவில்லை. இருபது பாட்டும் கையில் இருக்கு, அப்பா யோசித்து எழுதிய வரிசை மட்டும் இல்லை.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து வரிசையைத் தேடினோம். ஒரு பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் அறுந்து நின்றது. நாடா தீர்ந்த இடம். ஆக அது ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு. அங்கிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு பாட்டின் முடிவையும் போட்டுக் காட்ட, அடுத்ததின் முதல் வரியை அம்மா முணுமுணுத்தாங்க. பதிமூன்று பாட்டு இடம் சேர்ந்தது. மீதி ஏழு இன்னும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேசட் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பதிவு செய்தால் ஒரு பக்கத்தை முழுசாக, இடையில் வரும் இரைச்சலோடு சேர்த்து, ஒரே கோப்பாகச் செய்யுங்கள். பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த வரிசை உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கு.