மலையும் மிதிவண்டியும்

சமவெளியில் மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்வது எளிது. வலியவனும் மெலியவனும் அங்கே ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லலாம். ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொருவரின் உண்மை நிலையும் வெளிப்பட்டுவிடும். மலை எவரையும் புகழ்வதில்லை, எவரையும் பழிப்பதுமில்லை, உள்ளதை உள்ளபடி காட்டிவிடுகிறது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் கிளைப்பங்கு ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்றே திருப்பலி நிறைவேற்றி வந்தேன். வழியில் ஒரு மேடு உண்டு. அதில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் எதிரே ஆள் வருவது தெரிந்தால் உடனே ஏறி அமர்ந்து, மூச்சு முட்ட மிதிப்பேன். சாமியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று ஊரார் பேசிவிடக் கூடாதே என்ற அச்சம். இந்தச் சிறுமையை இவ்வளவு காலத்திற்குப் பின் நினைக்கச் செய்தது, பிரெஞ்சு நாட்டு மலைப்பாதைகளில் மிதிவண்டிக்கு வழி திறந்த ஒரு மனிதரின் வரலாறு.

அவர் பெயர் போல் தெ விவி. 1853ஆம் ஆண்டு தென் பிரான்சில் புரோவான்சு பகுதியின் பெர்ன் என்னும் ஊரில் பிறந்தார். வாழ்ந்ததும் உழைத்ததும் சேன்-எத்தியேன் நகரில். நிலக்கரிச் சுரங்கங்களும், துப்பாக்கிப் பட்டறைகளும், பட்டு நாடா நெசவும் நிறைந்த புகை படிந்த நகரம் அது. பட்டு வணிகராயிருந்த விவி, மிதிவண்டியின்மேல் கொண்ட ஆர்வத்தால் அத்தொழிலை விட்டு, 1887இல் மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டில் மிதிவண்டிக்கென ஓர் இதழையும் தொடங்கினார். ‘வெலோசியோ’ என்பது அவ்விதழில் அவர் சூடிக்கொண்ட புனைபெயர். பிற்காலத்தில் நாடே அவரை அப்பெயரால்தான் அறிந்தது.

சேன்-எத்தியேன் நகரின் தெற்கே பிலா மலைத்தொடர் உள்ளது. நகரை விட்டு வெளியேறும் சாலை வளைந்து வளைந்து ஏறி, தேவதாரு மரங்கள் அடர்ந்த ஒரு கணவாயை அடைகிறது. கடல்மட்டத்திற்கு மேல் 1161 மீட்டர் உயரமுள்ள அக்கணவாய்க்கு ‘கிராண்டு புவா’, அதாவது பெருங்காடு, என்று பெயர். குடியரசுக் கணவாய் என்றும் வழங்குவர். அக்கணவாய்தான் வெலோசியோவின் பள்ளிக்கூடம். 1889ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் அந்த ஏற்றத்தில் வியர்வை சொட்ட மிதித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய இதழின் வாசகரான இளைஞர் ஒருவர் புகைக்குழாயைப் புகைத்தபடியே அவரைக் கடந்து சென்றுவிட்டார் என்று சொல்வதுண்டு. வேறொருவர் மனம் புண்பட்டிருப்பார். அல்லது மறுநாள் முதல் தம் கால்களை இன்னும் வலுப்படுத்த முனைந்திருப்பார். வெலோசியோ சிந்திக்கத் தொடங்கினார். மலையை மாற்ற இயலாது. மனிதனின் கால்களையும் ஓரளவுக்குமேல் மாற்ற இயலாது. இரண்டிற்கும் இடையிலுள்ள சக்கரத்தை மாற்றினால் என்ன?

அன்றைய மிதிவண்டிக்கு ஒரே பல்சக்கர அளவுதான். சமவெளிக்கு ஏற்ற அளவு மலையில் பாரமாகும். மலைக்கு ஏற்றது சமவெளியில் பயனற்றதாகும். முன்னே சிறிய பல்சக்கரமும் பின்னே பெரிய பல்சக்கரமும் அமைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை குறையும். ஆனால் அதே தொலைவைக் கடக்க அதிக முறை மிதிக்க வேண்டும். வேகம் குறையும், வண்டி நிற்காது. இவ்வெளிய உண்மையை நடைமுறைக்குக் கொண்டுவர வெலோசியோவும் சேன்-எத்தியேன் நகரின் கைவினைஞர்களும் பல ஆண்டுகள் உழைத்தனர். இரட்டைச் சங்கிலி அமைத்துப் பார்த்தனர். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றிற்குத் தாவச் செய்தனர். கண்டவற்றிற்கெல்லாம் வெலோசியோ காப்புரிமை தேடவில்லை; தம் இதழில் எழுதி ஊருக்கே அளித்துவிட்டார்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஆன்றி தெக்ராஞ்சு. 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தவர்; 1903இல் ‘தூர் தெ பிரான்சு’ என்னும் புகழ்பெற்ற பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரே. 1902இல் பிரான்சு சுற்றுலாக் கழகம் மலைப்பாதையில் ஒரு சோதனை நடத்தியது. ஒரே அளவுப் பல்சக்கரத்துடன் எதுவார் ஃபிஷர் என்னும் பந்தய வீரரும், மூன்று அளவுகள் கொண்ட வண்டியில் மார்த் எஸ் என்னும் பெண்மணியும் சென்றனர். வழியில் ஒரு முறைகூடக் காலை ஊன்றாமல் அப்பெண்மணி பயணத்தை முடித்தார் என்று நாளேடுகள் வியந்து எழுதின. தெக்ராஞ்சு மனம் மாறவில்லை. இத்தகைய கருவிகள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்றும், தசை வலிமையால் வெல்வதே மேன்மை என்றும் அவர் எழுதினார். அப்போது வெலோசியோவுக்கு வயது 49. இக்கட்டுரையை எழுதும் நானும் அந்த வரம்பைக் கடந்து ஆண்டுகள் சில ஆகின்றன.

1903இல் நடைபெற்ற முதல் பந்தயத்தின் இரண்டாம் கட்டம், லியோனிலிருந்து மார்செய் வரை, இதே கிராண்டு புவா கணவாய் வழியாகவே சென்றது. பின்னாளில் வீரர்கள் பிரனே, ஆல்ப்சு மலைகளிலும் ஏற வேண்டியிருந்தது. ஏற்றத்தின் அடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்வார்கள். சங்கிலியைத் தாவச் செய்யும் கருவிக்கு அப்பந்தயத்தில் இடம் கிடைத்தது 1937இல்தான். எளியவர்கள் பல்லாண்டுகளாக நாட்டுச் சாலைகளில் பயன்படுத்தி வந்ததை ஏற்றுக்கொள்ள வீரர்களின் உலகிற்கு அத்தனை காலம் பிடித்தது.

இறையியல் பயின்ற எவருக்கும் இவ்வாதம் பழகிய குரலாகவே ஒலிக்கும். ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுசு, மனிதன் தன் மனவலிமையாலேயே நன்மையை நிறைவேற்ற முடியும் என்று கற்பித்தார். தம் வலுவின்மையை நன்கு அறிந்திருந்த புனித அகுஸ்தினார், இறையருளின்றி நாம் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது என்று எதிர்த்து நின்றார். பல்சக்கரம் அருள் அன்று. உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்சக்கரம் மனிதனுக்காக மலை ஏறுவதில்லை, மிதிப்பவன் அவனே. மலையின் உயரத்தில் ஒரு முழமும் குறைவதில்லை. அவனால் இயன்ற அளவைப் பயனுள்ளதாக்குவதே அதன் பணி. அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவுறச் செய்கிறது என்று புனித தோமா அக்குவினாசு கற்பித்ததை மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

கணவாயைக் கடந்து தெற்கே இறங்கினால் பூர்-அர்ஜாந்தால் என்னும் சிற்றூர். அதன் ஆலய வாயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பங்கள் உள்ளன. அதற்கப்பால் அனொனே, காகிதம் செய்யும் தொழில் நடத்திய மோங்கோல்ஃபியே சகோதரர்கள் 1783ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் வெப்பக் காற்றுக் கூண்டைப் பொதுமக்கள் முன்னிலையில் வானில் ஏற்றிக் காட்டிய ஊர். மேற்கே திரும்பி மீண்டும் மலையேறினால் லா லூவே. புனித ஜான் பிரான்சிசு ரெஜிசு கடுங்குளிரில் மறையுரை ஆற்றச் சென்று, 1640 டிசம்பர் 31 அன்று உயிர்நீத்த இடம் அது. 1806ஆம் ஆண்டு அவருடைய கல்லறையை நாடி இருபது வயது இளைஞர் ஒருவர் கால்நடையாக, வழியில் உணவை இரந்து உண்டு வந்தார். இலத்தீன் மொழி அவருக்கு ஏறவில்லை. பெரும் அறிஞராக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. குருத்துவப் படிப்பை முடிக்கும் அளவுக்கு அறிவு தரவேண்டும் என்றே மன்றாடினார். அவர்தாம் பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னி. தம் இயலாமையை மறைக்காமல் உதவி கேட்டுக்கொண்டே அவர் மலை ஏறியிருக்கிறார்.

வெலோசியோ ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் புரோவான்சு நோக்கிப் பயணம் செய்வார். நண்பர்களும் உடன் செல்வர். குளிர் நீங்காத சேன்-எத்தியேன் மலைகளிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே, மரங்கள் பூத்திருக்கும் தாம் பிறந்த மண்ணுக்கு, இரவும் பகலுமாகப் பல நூறு கிலோமீட்டர் மிதிப்பார். அதைப் பக்தி முயற்சி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பாஸ்கா என்னும் சொல்லுக்குக் கடத்தல் என்றே பொருள். கணவாயைக் கடந்து குளிரிலிருந்து வசந்தத்திற்குச் செல்லும் மனிதரைப் பார்க்கையில் அச்சொல் நினைவிற்கு வராமல் இருப்பதில்லை.

பயணிகளுக்கு அவர் சில அறிவுரைகளை விட்டுச் சென்றார். பசிக்கும் முன் உண்ணவேண்டும். தாகம் எடுக்கும் முன் பருகவேண்டும். உடலில் வலு நிறைந்திருக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் தன்னை மிகுதியும் அடக்கிக்கொள்ளவேண்டும். வீண்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கலாகாது. துறவு மடத்து மூத்தவர் நவதுறவிக்குச் சொல்லும் அறிவுரை போலவே இவை அமைந்திருக்கின்றன. 1930 பிப்ரவரி 27 அன்று சேன்-எத்தியேன் வீதியில் மிதிவண்டியுடன் நடந்து கடக்கையில் டிராம் வண்டி மோதி அவர் இறந்தார். அன்று காலை அவர் செனக்காவின் நூலைப் படித்துக்கொண்டிருந்தாராம். கிராண்டு புவா கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் உண்டு. அவர் பெயரால் 1922இல் தொடங்கிய மலையேற்ற விழாவில் முதியோரும் இளையோரும் சேர்ந்தே ஏறினர்.

அவர் திறந்த வழியில் பின்னர் பெருந்திரளான மக்கள் சென்றனர். 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. ஆலைகளில் உழைத்த ஆண்களும் பெண்களும் மிதிவண்டிகளில் புறப்பட்டு, அதுவரை காணாத தம் நாட்டின் குன்றுகளையும் பழைய ஊர்களையும் கண்டனர். திருச்சபையும் அவர்களோடு வழிநடந்தது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இத்தாலியின் கிசல்லோ குன்றிலுள்ள அன்னை மரியாவை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதனால் தூண்டுதல் பெற்ற ஜோசப் மஸ்ஸி என்னும் பிரெஞ்சுக் குரு, தென்மேற்கே அர்மஞ்ஞாக் பகுதியின் லபாஸ்தீத் ஊரருகே இருந்த பழைய சிற்றாலயம் ஒன்றை 1959இல் மிதிவண்டியாளரின் அன்னைக்கு உரியதாக்கினார். பெரும் வீரர்கள் அங்கே தம் சட்டைகளைக் காணிக்கையாக விட்டுச் சென்றிருக்கின்றனர். வென்றபோது அணிந்ததைக் கழற்றி அன்னையின் காலடியில் வைப்பதும் மனத்தாழ்மையின் ஒரு வகையே.

சென்ற ஆண்டு ஆயர் அவர்கள் எனக்கு உதவிப் பங்குத்தந்தை ஒருவர் தேவையா என்று அன்போடு கேட்டிருந்தார். தேவையில்லை, நானே பார்த்துக்கொள்வேன் என்று பதில் எழுதினேன். பணியின்மேல் உள்ள ஆர்வம் என்றே அதை அப்போது நினைத்தேன். எதிரே ஆள் வருவதைக் கண்டு வண்டியில் ஏறி அமர்ந்த அந்தப் பழைய இளம் குருவே அக்கடிதத்தையும் எழுதினார் என்பது இப்போது புரிகிறது. மலை உயரம் குறையப்போவதில்லை. மக்களுக்குத் தேவை நான் வேகமாக ஏறுவதன்று. வழியில் நின்றுவிடாமல் அவர்களோடு ஏறுவது. ஆயர் அவர்களுக்கு இன்று வேறொரு கடிதம் எழுத வேண்டும்.