வியர்வைக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு



காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களில் ஒரு சாரார் பருத்தி பனியன் கட்சி. இன்னொரு சாரார் மினுமினுக்கும் பாலியஸ்டர் டி-ஷர்ட் கட்சி. எது நல்லது என்று முடிவு செய்யுமுன், இந்த உடைகள் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஒரு காலத்தில் டென்னிஸ் வீரர்கள் கணுக்கால் வரை நீண்ட வெள்ளை ஃபிளானல் பேண்ட் போட்டுத்தான் ஆடினார்கள். வியர்வையில் ஊறிக் கனத்துப்போகும் பேண்டைச் சுமந்து ஓடிச் சலித்த இங்கிலாந்து வீரர் பன்னி ஆஸ்டின், 1932-இல் அமெரிக்கப் போட்டியில் அரைக்கால் சட்டையுடன் இறங்கினார். மறு ஆண்டு விம்பிள்டனிலும் அப்படியே ஆடினார். துணியை மாற்ற வழியில்லாத காலம், அளவைக் குறைத்தார்.

1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் பாலியஸ்டர் இழையை உருவாக்கினார்கள். அதுதான் டெரிலின். நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது: கசங்காது, சீக்கிரம் காயும், ஆனால் வெயிலில் போட்டால் உடம்பு புழுங்கிவிடும்.

புழுங்க வைத்த அதே பாலியஸ்டர் விளையாட்டு உடையானது எப்படி? சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. துணியை நெருக்கமாக நெய்தால் வியர்வை தோலிலேயே தங்கும். மெல்லிய இழைகளை இடைவெளி விட்டுப் பின்னினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், வியர்வை இழைகளின் இடுக்கு வழியே வெளிப்பக்கம் வந்து பரவிக் காய்ந்துவிடும். 1986-இல் டூபாண்ட் நிறுவனம் இழையிலேயே வாய்க்கால் போன்ற பள்ளங்கள் வைத்து கூல்மேக்ஸைக் கொண்டுவந்தது. உள்ளே போடும் பருத்தி டி-ஷர்ட் நனைந்து கனப்பதைக் கண்ட அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர் கெவின் பிளாங்க், 1996-இல் அண்டர் ஆர்மரைத் தொடங்கினார்.

இனி நம் கணக்கு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் சொட்டினால் நீரும் உப்பும் செலவு. குளிர்ச்சி வரவில் வராது. சென்னைப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய டி-ஷர்ட்டும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆகவே உடையை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். வெயில் ஏறுமுன் முடியுங்கள், தண்ணீர் குடியுங்கள், தலை சுற்றினால் உடனே நிழலில் உட்காருங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது மிக முக்கியம்.

துவைப்பதிலும் கவனம் தேவை. வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படிந்து, ஈரம் பரவுவதைத் தடுக்கும். பாலியஸ்டரில் நாற்றமும் அதிகம். நாற்றம் உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா பருத்தியைவிட அதில் நன்றாக வளர்கிறது என்று பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014-இல் காட்டியது. எனவே கழற்றிய உடையைக் கூடையில் சுருட்டிப் போடாமல் அன்றே அலசிவிடுங்கள்.

மெதுவாக அரை மணி நேரம் நடப்பவருக்குத் தளர்வான பருத்தி பனியனே போதும். வீடு திரும்பியதும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ஓடுபவர்களும் ஷட்டில் ஆடுபவர்களும் பாலியஸ்டருக்குச் செலவழிக்கலாம். இரண்டு கட்சியும் நாளைக் காலையும் தவறாமல் வாருங்கள்.