ரோதாங் விமான விபத்து (1968)

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் சண்டீகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்-12 ரகப் போக்குவரத்து விமானமொன்று, ரோதாங் கணவாய்ப் பகுதியில் ஹிமாலயச் சிகரங்களிடையே வீழ்ந்து, அதிலிருந்த 102 பேரும் உயிர்நீத்த துர்ச்சம்பவம்.

லேவுக்கு வான்வழி கண்ட சரித்திரத்தை ஓரளவேனும் அறிந்தாலன்றி இவ்விபத்தின் தன்மை விளங்காது. 1948-இல் இந்திய-பாகிஸ்தான் போரில் லடாக் முற்றுகைக்குள்ளாகித் தரைவழியே உதவி சென்றடைய இயலாதிருந்தபோது, சோனம் நோர்பு என்னும் பொறியாளர் லே நகரத்தாரின் உழைப்பைத் துணைக்கொண்டு, சிந்து நதிக்கரையின் மணற்பரப்பைச் சமன்செய்து ஓடுபாதையொன்றை அமைத்தார். மே 24 அன்று ஏர் கமடோர் மேஹர் சிங், ஜெனரல் திம்மையாவையும் உடனேற்றிக்கொண்டு, காற்றழுத்தம் காக்கும் வசதியில்லாத டகோட்டா விமானத்தில், அதற்குமுன் எவரும் சென்றறியாத மலைகளைத் தாண்டி, பதினாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்த அப்பாதையில் இறங்கினார். அவர் அன்று திறந்த வழியே பின்னர் லடாக்கின் ஜீவநாடியாயிற்று. 1961 முதல், நான்கு எந்திரங்கள் பூண்ட சோவியத் ஏ.என்-12 விமானங்கள் இவ்வான்வழிப் பணிக்கு வந்தன; 1962 அக்டோபரில் சீனாவுடனான போரின்போது ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை லடாக்கிலுள்ள சுஷூலுக்குச் சுமந்து சென்றவையும் இவையே.

கணவாய்கள் பனியால் மூடப்படும் குளிர்காலத்தில், விடுமுறை முடிந்து காவலிடம் திரும்பும் சிப்பாய்க்கு அந்நாளில் விமானமன்றி வேறு மார்க்கமிருக்கவில்லை. ஏ.என்-12 விமானத்தின் சரக்கறையிலோ காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு கிடையாது. அத்தகைய பிரயாணத்தை மேற்கொண்ட 98 பேரையும், விமானப் பணியாளர் நால்வரையும் சுமந்து சென்ற இவ்விமானத்தை ஃபிளைட் லெப்டினன்ட் ஹர்கேவால் சிங் செலுத்தினார். லேயை நெருங்குகையில் வானிலை கெடவே, அவர் சண்டீகருக்குத் திரும்ப முடிவுசெய்தார். ரோதாங் அருகிலிருந்து வந்த வானொலித் தொடர்பே இறுதியானது. இறங்குமிடம் தெரியாதபோது மலைகளுக்கிடையே இறங்கத் துணியாது திரும்பிய அவ்விமானியைக் குறைகூற இடமில்லை. தம்மை நம்பி ஏறியவர்களைப் பத்திரமாய் மீட்டுக் கொணரவே அவர் திரும்பினார் என்பதை இந்நிகழ்ச்சியை எழுதுவோர் முதலில் நினைத்தல் தகும்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வரை விமானம் கிடந்த இடம் தெரியவில்லை. 2003-இல், மணாலி மலையேற்ற நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் சந்திரபாகா-13 சிகரத்தை நோக்கிச் செல்லும் வழியில், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் டாக்கா பனியாற்றில் விமானச் சிதைவுகளையும் படைவீரர் ஒருவரின் எச்சத்தையும் கண்டனர். 2013-இல் கிடைத்த ஹவில்தார் ஒருவரின் உடலோடு அடையாள வில்லை, காப்பீட்டுப் பத்திரம், வீட்டாரிடமிருந்து வந்த கடிதம் ஆகிய மூன்றும் இருந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகள் பனிக்குள் கிடந்தும் அக்கடிதம் அவரைவிட்டு அகலவில்லை. போகும் வழியில் மீண்டுமொருமுறை படிப்பதற்காகவே அதை அவர் உடன் வைத்திருந்திருக்கக் கூடும். 2019-இல் விமானத்தின் எந்திரமும் உடற்பகுதியும் சுமார் 5,240 மீட்டர் உயரத்தில் கிடைத்தன.

2024 செப்டம்பரில் டோக்ரா ஸ்கௌட்ஸ் படையினர் உள்ளிட்ட தேடற்குழு மேலும் நால்வரின் உடல்களை மீட்டது. அவர்களுள் ஒருவர் சட்டைப்பையிலிருந்த சம்பளப் புத்தகத்தால் அடையாளம் காணப்பட்டார், மற்றொருவர் கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்திலுள்ள தம் ஊரில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.